பூங்குழலிக்கு அப்புறம் என்ன ஆச்சு? - கோடிக்கரைக்குப் போன ஒரு வேன்!

வேதாரண்யத்திலிருந்து கோடிக்கரைக்கு 11 கிலோமீட்டர்தான். பஸ் ஏறினால் அரை மணி நேரம்கூட ஆகாது. வழியில் அகஸ்தியம்பள்ளி உப்பளங்கள் வெயிலில் கண்ணைக் கூசவைக்கும். 1930 உப்பு சத்தியாகிரகத்தின் நினைவுத்தூண் அங்கேதான் இருக்கிறது. அதைத் தாண்டினால் காடு. காடு முடிந்தால் கடல். தமிழ்நாட்டு வரைபடத்தில் கிழக்குப் பக்கம் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த மூக்கின் நுனி இதுதான். வடக்கிலிருந்து நேராக வரும் கடற்கரை இங்கே சட்டென்று மேற்கே திரும்பிவிடும்.

தை, ஆடி அமாவாசைகளில் கடலில் முழுக்குப் போட இங்கே கூட்டம் வரும். குளிர்காலத்தில் கேமராவும் பைனாகுலருமாகப் பறவை பார்ப்பவர்கள் வருவார்கள். இந்த இரண்டிலும் சேராமல் இன்னொரு கூட்டமும் வருஷம் முழுக்க வந்துகொண்டே இருக்கிறது. வந்ததும் கேட்கும் முதல் கேள்வியை வைத்தே உள்ளூர்க்காரர்கள் இவர்களை அடையாளம் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

“பூங்குழலி படகு விட்ட இடம் எதுங்க?”

டீக்கடைக்காரர் அசரவே இல்லை. கடல் பக்கம் கையைக் காட்டிவிட்டு, “டீ எத்தனை?” என்றார். பூங்குழலி கல்கியின் கற்பனை என்பது அவருக்குத் தெரியும். கேட்கிறவர்களுக்கும் தெரியும். இருந்தாலும் கேட்காமல் போக மனசு வராது!

ஆடிப்பெருக்கு முடிந்த வார இறுதியில், ‘பொன்னியின் செல்வன்’ வாசகர்கள் 14 பேரோடு ஒரு வேனில் நானும் போனேன். வீராணம், காட்டுமன்னார்கோவில், பழையாறை, நாகப்பட்டினம், கடைசியாகக் கோடிக்கரை. இரண்டு நாள் பயணம். அழகான படங்களோடு ஒரு டூர் கட்டுரை எழுதும் எண்ணத்தில்தான் கிளம்பினேன். ஆனால், வேனுக்குள் நடந்த ஒரு வழக்கு வெளியே இருந்த காட்சிகளைவிட சுவாரஸ்யமாகப் போய்விட்டது.

கதை முடிந்த பிறகும் முடியாத கதை

வழக்குக்குப் போவதற்கு முன்னால் ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். 1950 அக்டோபர் கடைசியில் தொடங்கி 1954 மே வரை மூன்றரை வருஷம், வாரா வாரம் வந்த தொடர் ‘பொன்னியின் செல்வன்’. அது முடிந்தபோது சந்தோஷப்பட்டவர்களைவிட, ‘என்ன இப்படித் திடுதிப்பென்று முடித்துவிட்டீர்கள்?’ என்று குறைப்பட்டவர்கள் அதிகம். அவர்களுக்காகவே கல்கி ஒரு முடிவுரை எழுதினார். வந்தியத்தேவன் குந்தவையைக் கல்யாணம் செய்துகொண்டானா, மற்றவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று ஒரு வீட்டுப் பெரியவர் மாதிரி கணக்கு சொன்னார். அதே வருஷம் டிசம்பர் 5-ம் தேதி கல்கி காலமானார். வயது 55.

அதோடு கதை நின்றதா என்றால், இல்லை. ‘அமுதசுரபி’ ஆசிரியராக இருந்த விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யில் அந்தச் சோழர் கதையைத் தொடர்ந்தார். பிறகு வேறு சிலரும் தொடர்ந்தார்கள். 90-களின் இறுதியில் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டதால், இன்று யார் வேண்டுமானாலும் வந்தியத்தேவனைக் குதிரையில் ஏற்றி எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம். மணிரத்னம் 2022-லும் 2023-லும் எடுத்த இரண்டு படங்களையும் ஒரு வகையில் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். நாவலில் அரியணை ஏறுபவர் ஒருவர், படத்தில் ஏறுபவர் வேறொருவர் என்று தியேட்டர் வாசலிலேயே சண்டை போட்ட சித்தப்பாக்களை நாம் பார்க்கவில்லையா என்ன?

இப்படி, நமக்குப் பிடித்த கதையின் ஆட்களை எடுத்துக்கொண்டு நாமே மேற்கொண்டு எழுதுவதற்கு இப்போது பெயர் ஃபேன் ஃபிக்‌ஷன். பெயர்தான் புதுசு. மகாபாரத அர்ச்சுனனை மதுரைக்கு வரவழைத்து அல்லியிடம் மல்லுக்கட்ட வைத்த ‘அல்லி அரசாணி மாலை’யும், ‘பவளக்கொடி மாலை’யும் வேறென்ன? பாட்டிகள் அதையெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து ராகம் போட்டுப் படித்தார்கள். இப்போது அது ராத்திரி 10 மணிக்கு மேல் போனில் நடக்கிறது.

கல்வெட்டில் இல்லாத பெண்

முதல் நாள் காலை, வீராணம் ஏரிக்கரையில் இறங்கினோம். வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கு அன்று குதிரையில் வந்து, கடல் மாதிரி விரிந்த தண்ணீரைப் பார்த்து வியப்பதில்தான் நாவல் தொடங்குகிறது. 2004-லிருந்து இந்தத் தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைக்கும் போகிறது. வேனில் வந்த சென்னைக்காரர் ஒருவர், “அப்போ நான் தினமும் வந்தியத்தேவன் பார்த்த தண்ணியிலதான் பல் தேய்க்கிறேன்” என்றார். எல்லோரும் சிரித்தோம். செல்ஃபி. கிளம்பிவிட்டோம்.

காட்டுமன்னார்கோவில் அனந்தீஸ்வரர் கோயிலில்தான் கொஞ்சம் அதிக நேரம் நின்றோம். உடையார்குடி கல்வெட்டு என்று சரித்திரப் பிரியர்கள் சொல்வது இங்கேதான் இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரைச் சொல்லி, அவர்களுடைய உறவினர்களின் சொத்தைப் பறிமுதல் செய்த விவரம் அதில் வருகிறது. ராஜராஜன் பட்டத்துக்கு வந்த இரண்டாம் ஆண்டில் வெட்டியது. அதாவது, கொலை நடந்து ஏறத்தாழ 15 வருஷம் கழித்து!

ஏன் அவ்வளவு தாமதம்? இடையில் ஆண்ட உத்தம சோழர் என்ன செய்தார்? சரித்திர ஆசிரியர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். கல்கியும் கொலை நடந்த அந்த இருட்டறையில் விளக்கை ஏற்றாமலேயே விட்டுவிட்டார். தொடர்கதை எழுதுகிறவர்கள் நுழைவது இந்த மாதிரி சந்துகளில்தான்.

வேனில் வந்த 12 வயசுப் பையன் சுவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். “அம்மா, நந்தினி பேரு எங்க இருக்கு?”

“ரவிதாசன் கல்வெட்டுல இருக்கான் கண்ணா. நந்தினி கதையில மட்டும்தான் இருக்கா” என்றார் அம்மா.

பையனுக்கு ஏமாற்றம். எனக்கோ அந்தம்மாவுக்குக் கை கொடுக்க வேண்டும்போல இருந்தது. ஏனென்றால், நந்தினியைச் சரித்திரப் பெண்ணாகவே நம்பிச் சத்தியம் செய்கிற பெரியவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அடுத்தவர் கதையைத் தொடர்ந்து எழுதுகிறவர்கள் வாசகருக்குத் தர வேண்டிய முதல் பாக்கி இதுதான் என்று தோன்றியது. எது கல்வெட்டு, எது கல்கி, எது தன்னுடைய சரக்கு என்று மூன்றையும் பிரித்துக் காட்டிவிட வேண்டும். முன்னுரையில் நாலு வரி போதும். அதைக்கூடச் செய்யாமல், சொந்தக் கற்பனையைச் ‘சோழர் மறைத்த உண்மை’ என்று தலைப்பு போட்டுச் சுற்றவிடுபவர்களைக் கண்டால் எரிச்சல்தான் வருகிறது.

பழையாறையில் சோமநாதர் கோயிலையும் பக்கத்தில் பட்டீஸ்வரத்தையும் பார்த்தோம். சோழர் மாளிகை என்று பெயருள்ள கிராமம் இருக்கிறது, மாளிகைதான் இல்லை. அன்று ராத்திரி கும்பகோணத்தில் தங்கினோம்.

‘யூடி எப்போ?’

அந்த வழக்கு, மறுநாள் காலை நாகப்பட்டினம் தாண்டியதும் ஆரம்பித்தது.

வேனின் கடைசி வரிசையில் திருப்பூரிலிருந்து வந்த ஓர் அக்கா. பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். வயது 40 இருக்கும். முதல் நாள் முழுக்க அதிகம் பேசவில்லை. முன் வரிசையில் அரியலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், ஓய்வுபெற்ற புவியியல் வாத்தியார். அவர் அம்மா வாரா வாரம் பத்திரிகையிலிருந்து கிழித்து பைண்ட் பண்ணி வைத்த ‘பொன்னியின் செல்வன்’ இன்றும் அவர் வீட்டு பீரோவில் இருக்கிறதாம். மணியம் ஓவியங்களோடு!

கோடிக்கரை நெருங்குகிறது என்றதும் பேச்சு பூங்குழலி பக்கம் போனது. பெரியவர் சொன்னார்: “பூங்குழலியை வெச்சு ஒரு பொண்ணு போன்ல எழுதிட்டிருந்தா. ராணியான பிறகு அவளுக்கு அரண்மனை பிடிக்காம, திரும்ப கோடிக்கரைக்கே வந்துடறா. அருமையா போச்சு. 41 அத்தியாயம். டக்குனு நிறுத்திட்டா. ரெண்டு வருஷம் ஆச்சு. இன்னும் தினம் திறந்து பார்க்கறேன்.”

கடைசி வரிசையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “அது நாந்தானுங்க ஐயா” என்றார் அக்கா.

டிரைவர்கூடக் கண்ணாடியில் பார்த்தார்.

பெரியவர் இருக்கையிலிருந்து முழுசாகத் திரும்பினார். “நீதானா? ஏம்மா, ஏன் பாதியில விட்டே? படிக்கறவங்களைப் பத்தி நினைச்சியா?”

“நீங்க படிக்கறீங்கன்னு எனக்கு எப்படிங்க தெரியும்? நீங்க ஒரு நாளாச்சும் ஒரு வரி எழுதுனீங்களா?”

அவர் எழுதியதில்லை. 41 அத்தியாயங்களையும் மூன்று தடவை படித்திருக்கிறார். ஒரு ‘நன்று’கூடப் போட்டதில்லை. அந்த வட்டாரத்தில் இவர்களுக்கு ஒரு பெயர் இருக்கிறது: சைலன்ட் ரீடர்.

அக்கா தன் பக்கத்தைச் சொன்னார். வேலை முடிந்து, சமைத்து, பையனைத் தூங்கவைத்துவிட்டுப் போனிலேயே தட்டச்சு செய்வாராம். ஓர் அத்தியாயத்துக்கு மூன்று ராத்திரி. போட்ட ஐந்தாவது நிமிஷம் முதல் குரல் வரும். “சூப்பர் மா, அடுத்த யூடி எப்போ?” யூடி என்றால் அப்டேட், அடுத்த அத்தியாயம். “மூணு ராத்திரி எழுதுனது அஞ்சு நிமிஷத்துல தீர்ந்துடுதுங்க. கதையைப் பத்தி ஒரு வார்த்தை இருக்காது. பசிக்குது, சோறு போடுங்கற மாதிரிதான் இருக்கும்.”

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். 38-வது அத்தியாயத்தில் பூங்குழலி அரண்மனையை விட்டு வெளியேறினாள். அங்கே பிடித்தது வினை. ‘எங்க பூங்குழலி புருஷனை விட்டுட்டுப் போக மாட்டா’, ‘உன் புத்தியை அவ மேல ஏத்தாதே’, ‘கல்கி இருந்தா தூக்குல தொங்கியிருப்பார்’. ஒருவர், அக்காவின் சொந்த வாழ்க்கையைப் பற்றியே கேள்வி கேட்டிருக்கிறார். கொஞ்ச நாளில், முதல் 20 அத்தியாயங்களை யாரோ குரலில் படித்து, தன் கதை மாதிரி வீடியோவாகப் போட்டது தெரியவந்தது. 41-ஐப் போட்டுவிட்டுப் போனை மூடினவர்தான்.

வேனில் ஆளாளுக்குத் தீர்ப்பு சொன்னார்கள். “பணம் கொடுத்தா படிக்கறோம்? சும்மா படிக்கற கதைக்கு என்ன உரிமை கேட்கறது?” என்றார் சென்னைக்காரர். கல்லூரி மாணவி ஒருவர் விடவில்லை. “சும்மா இல்லண்ணா. நான் என் தூக்கத்தைக் கொடுத்திருக்கேன். ஒரு கதையை ஆரம்பிச்சா முடிக்கணும். முடியலைன்னா, ‘முடியல’ன்னு சொல்லிட்டாவது போகணும்.”

எனக்கு அந்த மாணவி சொன்னதில் பாதி சரி என்று பட்டது. முடித்தே ஆக வேண்டும் என்று யாரும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. மூன்று ராத்திரியும் அந்த அக்காவின் ராத்திரி. ஆனால், ‘நிறுத்துகிறேன்’ என்ற ஒரு வரிக்காக ஒருத்தர் இரண்டு வருஷம் தினமும் கதவைத் திறந்து பார்த்திருக்கிறார். அந்த ஒரு வரியைக் கொடுத்திருக்கலாம். அதே மாதிரி, ஒரு வரி எழுத அவருக்கும் 41 வாய்ப்பு இருந்தது. திட்டுகிறவர்கள் மட்டும் வாயைத் திறந்து, பிடித்தவர்கள் எல்லோரும் மௌனமாக இருந்தால், எழுதுகிறவர் காதில் விழுவது திட்டு மட்டும்தானே?

‘எங்க பூங்குழலி’ என்ற வார்த்தைதான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. இந்த எழுத்தில் இருக்கிற வினோதமே அதுதான். புதுசாக ஒரு கதை எழுதுகிறவர் ‘என் கதாநாயகி’ என்று சொல்லிக்கொள்ளலாம். இங்கே நாயகி எழுதுகிறவருக்கும் சொந்தமில்லை, படிக்கிறவருக்கும் சொந்தமில்லை. வாசகர் ஏற்கெனவே நேசிக்கிற ஒருத்தியைத்தான் எழுத்தாளர் கடனாக வாங்கி நடமாடவிடுகிறார். அந்தப் பிரியம் இல்லையென்றால் முதல் அத்தியாயத்தைக்கூட யாரும் திறந்திருக்க மாட்டார்கள். அந்தக் கடனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது எழுத்தாளர் பாடு. அதற்காக, அவள் தன் மனதில் இருக்கிற அச்சிலிருந்து ஓர் அடிகூட நகரக் கூடாது என்று வாசகர் அடம்பிடித்தால், பிறகு தொடர்ந்து எழுதுவதற்கு என்னதான் மிச்சம் இருக்கிறது? பழைய புத்தகத்தையே திரும்பப் படிக்கலாமே!

அவரவர் கோடிக்கரை

மதியம் கோடிக்கரை. வனத்துறை சரணாலயத்துக்குள் போனால் வெளிமான் கூட்டம் கூட்டமாக மேய்கிறது. காட்டுக்குதிரைகள் பிடரியை ஆட்டிக்கொண்டு நம்மைக் கண்டுகொள்ளாமல் போகின்றன. பூநாரைகளைத் தேடினோம். “அதெல்லாம் ஐப்பசிக்கு மேலதாங்க வரும், ஆடியில வந்து கேட்டா?” என்று வழிகாட்டி சிரித்தார். காற்று மட்டும் மணலை அள்ளி அள்ளி முகத்தில் வீசியது.

சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் என்று சொல்லப்பட்ட செங்கல் இடிபாடு 2004 சுனாமியில் சிதைந்துபோனது. இப்போது கண்ணில் படுவது பிற்காலத்து விளக்கங்கள்தான். வந்தியத்தேவன் சிக்கிக்கொண்ட புதைசேறு எது என்று ஆளுக்கொரு இடத்தைக் காட்டினார்கள். சதுப்பு நிலம் என்பதால் எல்லா இடமுமே பொருத்தமாகத்தான் இருந்தது. 

குழகர் கோயிலில் நடை சாத்தியிருந்தார்கள். வாசலில் உட்கார்ந்தோம். இந்தக் கடலோரத்தில் துணையில்லாமல் இப்படித் தனியாக இருக்கிறாயே என்று சுந்தரர் உருகிப் பாடிய சாமி இவர். சுந்தரருக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து வந்த கல்கி, அதே கரையில் கடலோடும் காட்டோடும் பேசுகிற ஒரு பெண்ணைத் தனியாக உலவவிட்டார். இப்போது திருப்பூரிலிருந்து ஒருத்தர் அவளை அரண்மனையிலிருந்து மறுபடி இங்கே கூட்டிவருகிறார். இடம் ஒன்றுதான். ஆள் மாறி ஆள் வந்து அந்தத் தனிமையைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

“சரிம்மா, எழுத வேண்டாம். சொல்லவாவது சொல்லு. திரும்பி வந்தவ என்ன ஆனா?” என்றார் பெரியவர்.

அக்கா முதலில் மறுத்தார். பிறகு, முந்தானையால் மணலைத் தட்டிவிட்டு, சொல்ல ஆரம்பித்தார். 20 நிமிஷம் இருக்கும். திரும்பி வந்த பூங்குழலிக்கு ஊர் இடம் தரவில்லை. அண்ணி கதவைத் திறக்கவில்லை. விளக்குக்கு எண்ணெய் ஊற்றுகிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்கிறாள். அரண்மனையிலிருந்து ஆள் வருகிறது. மிச்சத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை, அது அக்காவின் சொத்து.

14 பேரும் வாயைத் திறக்கவில்லை. நந்தினியைத் தேடிய பையன் மட்டும், “அப்புறம்?” “அப்புறம்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். முடிந்ததும் பெரியவர் தலையை ஆட்டினார்.

“முடிவு சரியில்லம்மா. அவனை அவ மன்னிச்சிருக்கணும்.”

“அவ எதுக்குங்க மன்னிக்கோணும்?” 

“நல்ல பையன்மா அவன். பூ தொடுத்துட்டிருந்தவன்.”

“பூ தொடுத்தவன் ராஜாவாயிட்டானுங்களே ஐயா. அவதான் ராணியா ஆகலை.”

பெரியவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் கோபம் இல்லை. வேதாரண்யம் வந்து டீ குடிக்கும்வரை இரண்டு பேரும் செந்தன் அமுதனைப் பற்றியே வாதாடிக்கொண்டு வந்தார்கள். இடையில் ஒரு தடவைகூட அவர் ‘எங்க பூங்குழலி’ என்று சொல்லவில்லை. ‘உன் பூங்குழலி’ என்றுதான் சொன்னார்.

போக நினைப்பவர்களுக்கு: நாகப்பட்டினத்திலிருந்தும் திருத்துறைப்பூண்டியிலிருந்தும் வேதாரண்யத்துக்கு பஸ் இருக்கிறது. அங்கிருந்து கோடிக்கரைக்குப் பேருந்து, ஆட்டோ இரண்டும் கிடைக்கும். சாப்பாட்டை வேதாரண்யத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது. தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் கட்டாயம். பறவைகள் வேண்டும் என்றால் நவம்பர் முதல் ஜனவரிக்குள் போங்கள். பூங்குழலி மட்டும் போதும் என்றால் எந்த மாதமும் ஓகே.

பயணம் முடிந்து மூன்று வாரம் கழித்து, 42-வது அத்தியாயம் வந்தது. பூங்குழலி ஆடிக் காற்றில் படகைக் கரையேற்றுகிறாள். தலைக்கு மேல் பூநாரைகள் வரிசையாகப் பறக்கின்றன. கீழே முதல் கருத்து பெரியவருடையது. ஒரே பத்தியாக 11 வரி. எந்த இடம் பிடித்தது, எங்கே கண் கலங்கியது என்று பிழையும் திருத்தமுமாக எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வாத்தியார் குறிப்பு: ‘ஆடியில் பூநாரை வராதும்மா. நாமதான் நேரில் பார்த்தோமே.’

‘நன்றிங்க ஐயா, மாத்திடறேன்’ என்று அக்கா பதில் போட்டிருக்கிறார். இதை எழுதும் இந்த நிமிஷம் வரை மாற்றவில்லை.